யாருடைய பாடு? கிறிஸ் பார்பர் என்ற பேண்டு மாஸ்டர்

கிறிஸ் பார்பரின் குழுவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய இசைத்தட்டுகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று 'ராக் ஐலண்ட் லைன்'. 1954 ஜூலையில் பதிவானது. அதில் பார்பர் தன் சொந்த வாத்தியமான ட்ரோம்போனைத் தொடவே இல்லை. பின்னால் நின்று டபுள் பேஸ் வாசிக்கிறார். பாடுவதும் பெயர் வாங்குவதும் அவர் குழுவில் பாஞ்சோ வாசித்த லானி டானிகன். இன்னொன்று 'பெத்தித் ஃப்ளர்'. 1956-ல் பதிவாகி, 1959-ல் பிரிட்டிஷ் தரவரிசையில் மூன்றாம் இடத்துக்கும் அமெரிக்கத் தரவரிசையில் ஐந்தாம் இடத்துக்கும் போனது. பத்து லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. அதில் பார்பர் வாசிக்கவே இல்லை. மான்டி சன்ஷைனின் கிளாரினெட், கூடத் தாளக்காரர்கள், அவ்வளவுதான். லேபிளில் மட்டும் கிறிஸ் பார்பர் ஜாஸ் பேண்ட் என்று இருக்கும்.

பார்பர் 2021 மார்ச் 2-ஆம் தேதி, தொண்ணூறு வயதில், மறதி நோயோடு இறந்தார். கொரோனா காலம். சாவுக்குக் கூட்டம் கூடக்கூடாது, வாத்தியம் வைக்கக்கூடாது என்று அங்கேயும் இங்கேயும் கணக்குப் பார்த்த நாட்கள். நியூ ஆர்லீன்ஸ் நகரத்தில் பிணத்தோடு பேண்டு போகும். சுடுகாட்டுக்குப் போகும்போது இழுத்து இழுத்து ஒரு பிரார்த்தனைப் பாட்டு, புதைத்துவிட்டுத் திரும்பும்போது தெருவே ஆடுகிற வேகத்தில் வேறொரு பாட்டு. அந்த இசையை எழுபது வருஷம் வாசித்த ஒருவருக்கு அப்படியொரு ஊர்வலம் வாய்க்காத காலத்தில் சாவு வந்தது. வடசென்னையிலும் பொன்னேரி, பழவேற்காடு பக்கத்திலும் சாவுக்கு வாத்தியம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய குறை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அஞ்சலிக் குறிப்புகள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. பிரிட்டிஷ் ப்ளூஸின் தகப்பன், பீட்டில்ஸுக்கும் ரோலிங் ஸ்டோன்ஸுக்கும் வழி திறந்தவர், அப்புறம் வாங்கிய விருதுகள். பொய் இல்லை. ஆனால் ஒருவரை அவருக்குப் பின்னால் வந்தவர்களை வைத்தே புகழ்வது, தாத்தாவைப் பேரனின் சம்பளத்தால் அளக்கிற மாதிரிதான். எனக்கு வேறு கேள்வி. முக்கியமான இரண்டு தட்டுகளிலும் முன்னால் இல்லாத ஒருவர், அறுபத்தைந்து வருஷம் எதற்குத் தலைவராக இருந்தார்? அந்த வேலையின் பெயர் என்ன?

முதலில் இசையைப் பேசிவிடலாம். ஜாஸ் என்றால் காபி ஷாப்பில் ஓடும் பியானோ என்று நினைப்பவர்கள் அதைக் கொஞ்சம் மறக்க வேண்டும். டிராட் ஜாஸ் என்று பிரிட்டனில் செல்லமாக அழைத்தது, 1920-களுக்கும் அதற்கு முன்புக்குமான நியூ ஆர்லீன்ஸ் பாணியை. முன்வரிசையில் மூன்று ஊதுகருவிகள். ட்ரம்பெட் பாட்டைப் பிடித்துக்கொள்ளும். கிளாரினெட் மேலே கொடி மாதிரி சுற்றும். ட்ரோம்போன் கீழேயிருந்து இழுத்து வழுக்கிக்கொண்டே வந்து இரண்டையும் தாங்கும். வண்டியில் ஊர்வலம் போகும்போது அதன் நீள இழுவைக்கு இடம் வேண்டும் என்பதால் ட்ரோம்போன்காரர் வண்டியின் பின்பக்கத்தில் உட்காருவாராம். அந்தப் பாணிக்கே வண்டியின் பின்கதவின் பெயர்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில், எழுதிவைக்காமல், மூன்று வெவ்வேறு வழியில் போகிறார்கள். இருந்தாலும் இடித்துக்கொள்வதில்லை. தனி ஆவர்த்தனம் பிறகு வந்த பழக்கம்.

இது நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் விட்டுப்போன கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் யூஃபோனியமும் தமிழ்நாட்டுத் தெருக்களில் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. கிளாரினெட் சதிர் மேளத்தில் ஏறி, பிறகு ஏ.கே.சி. நடராஜன் கையில் முழுக் கச்சேரி வாத்தியமானது. மற்றவை கல்யாணம், மாதா கோயில் தேர், சாவு என்று பேண்டு செட்டோடு தங்கிவிட்டன. அங்கே ராணுவமும் தேவாலயமும் விட்டுப்போன வாத்தியங்களைக் கறுப்பு மக்கள் எடுத்துத் தங்கள் தாளத்துக்கு வளைத்தார்கள். இங்கே தப்பும் தவிலும் பழகிய கைகள் அதையே செய்தன. அவர்களுக்கு ஜாஸ் என்று ஒரு பெயர் கிடைத்து உலகமெல்லாம் போனது. நம்முடையது 'பேண்டு வாத்தியம்' என்றே நின்றது.

எங்கள் பெரியப்பா ஒருவர் பேண்டு செட்டில் யூஃபோனியம் வாசித்தவர். பசியாவரத்தில் பாதி நாள் வலை, முகூர்த்த நாட்களில் சிவப்புக் கோட்டு. வேலை நேரத்தில் ஹெட்போனில் பழைய ஜாஸ் போட்டுக்கொண்டு கோடு எழுதுவது எனக்குப் பழக்கம், அதனால் ஒருமுறை ஊருக்குப் போனபோது 'பெத்தித் ஃப்ளர்' போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "கிளாரினட்டுக்காரன் நல்லா அழுறான்டா. இவன்தான் மாஸ்டரா?" இல்லை பெரியப்பா, மாஸ்டர் இதில் வாசிக்கல என்றேன். சட்டென்று கண்ணைத் திறந்தார். "அப்போ துட்டு எப்படிப் பிரிச்சாங்க?"

எந்த இசை விமர்சகரும் இவ்வளவு நேராகக் கேட்டு நான் படித்ததில்லை. பெரியப்பாவுக்குத் தெரிந்த உலகத்தில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பேண்டிலும் அதேதான். மாஸ்டருக்குக் கூடுதல் பங்கு உண்டு, ஆனால் அவர் ஊதியாக வேண்டும்.

பதில் தேடிப் போனால் 1953-க்குப் போக வேண்டியிருக்கிறது. லண்டனில் ட்ரோம்போனும் டபுள் பேஸும் முறையாகப் படித்த பார்பரும், சன்ஷைனும், டானிகனும் ஒரு தொழில்முறைக் குழு தொடங்குகிறார்கள். கூட்டுறவு முறையில். ட்ரம்பெட்டுக்குப் பார்த்துவைத்த ஆள் பாட் ஹால்காக்ஸ். அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் வேதியியலாளர், நிரந்தர வேலையை விடத் தயங்கினார். (ஐ.டி. வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறேன் என்று வருஷம் தவறாமல் சொல்லும் நண்பர்களுக்கு ஹால்காக்ஸைப் பிடிக்கும்.) அந்த இடத்துக்கு வந்தவர் கென் கோல்யர். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்கக் கரையில் இறங்கி, நியூ ஆர்லீன்ஸ் போய்க் கிழவர்களோடு வாசித்து, விசா காலம் கடந்ததால் சிறையில் இருந்து, நாடு கடத்தப்பட்டுத் திரும்பியவர். அவருக்கு அந்த இசை வேதம். ஒரு வருஷத்துக்குள் அவர் தாளக்காரர்களை மாற்றப் பார்த்தார். டானிகனையும் சேர்த்து. மற்றவர்கள் கூடிப் பேசி, வெளியே போக வேண்டியது கோல்யர்தான் என்று முடிவெடுத்தார்கள். இப்போது ஹால்காக்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தார். வந்தவர் 2008 வரை, ஐம்பத்துநான்கு வருஷம், அதே இடத்தில் நின்று ட்ரம்பெட் ஊதினார். பெயர் பார்பருடையதாக மாறியது. 1954 மே மாதக் கதை இது.

கோல்யரா பார்பரா என்பது டிராட் ஜாஸ் ரசிகர்களின் பழைய சண்டை. இசையாகக் கேட்டால் கோல்யரின் ட்ரம்பெட்டில் ஒரு கரகரப்பு, ஒரு ஏழ்மை இருக்கிறது. அது பார்பரின் சுத்தமான முன்வரிசையில் கிடையாது. 1954-ல் பதிவான 'ஐஸ் க்ரீம்' கேளுங்கள். ஜெர்மனிக்காரர்கள் பைத்தியமாக இருந்த பாட்டு. துள்ளல் இருக்கிறது, நெருக்கம் இருக்கிறது, ஒருவர் மூச்சு விடும் இடத்தில் இன்னொருவர் நுழையும் பொறுப்பு இருக்கிறது. ஆனால் பாஞ்சோ ஆணி அடிக்கிற மாதிரி ஒரே சீராக விழும். நியூ ஆர்லீன்ஸ் தாளம் கொஞ்சம் பின்னால் சாய்ந்து நடக்கும். இவர்களுடையது நிமிர்ந்து நடக்கிறது. பார்பரின் ட்ரோம்போன் வாசிப்பும் நல்ல வாசிப்பு, அவ்வளவுதான். உலகத்தின் பத்து சிறந்த ட்ரோம்போன்காரர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் நான் அவருக்காக வாதாட மாட்டேன். சன்ஷைன் தட்டைச் சுழற்றிய இயந்திரம் வேகமாக ஓடியதால் 'பெத்தித் ஃப்ளர்' பாட்டை அரைச் சுரம் மேலே கற்றுக்கொண்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். அரைச் சுரம் என்றால் ஏறக்குறைய ஆறு சதவீத வேகம். கதை உண்மையோ இல்லையோ, ஐரோப்பாவில் அந்தத் தலைமுறை இசை கற்றது தட்டிலிருந்துதான். குரு இல்லை, ஊர் இல்லை, சாவு ஊர்வலம் இல்லை. சிட்னி பெஷே எழுதிய பாட்டு, ஒரு இயந்திரத்தின் பிழையோடு சேர்ந்து அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் விஷயம் கடுமையாகிறது. 'ராக் ஐலண்ட் லைன்' யாருடைய பாட்டு? 1934 அக்டோபரில் ஜான் லோமேக்ஸ் ஆர்க்கன்ஸா மாநிலத்துச் சிறைப் பண்ணைக்கு ஒலிப்பதிவு இயந்திரத்தோடு போகிறார். கூடப் போனவர் லெட் பெல்லி, தானே சிறையிலிருந்து வெளிவந்து அதிக நாள் ஆகாதவர். கெல்லி பேஸ் என்ற கைதியும் கூட்டாளிகளும் இந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். லெட் பெல்லி அதை எடுத்துக்கொண்டு, நடுவில் பேச்சைச் சேர்த்து, தன் பாட்டாக்குகிறார். 1949-ல் அவர் இறந்துபோகிறார். ஐந்து வருஷம் கழித்து லண்டனில் டானிகன் பாடுகிறார். அதற்கு அவருக்குக் கிடைத்தது ஒருநாள் கூலி, சில பவுண்டுகள். தட்டு விற்ற பணத்தில் பங்கு இல்லை. ஆனால் மரபுப் பாடலை ஒழுங்கு செய்தவர் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். 1956-ல் அந்தத் தட்டு வெறியாகப் பரவி, கிட்டாரும் துணி தேய்க்கும் பலகையும் இருந்தால் போதும் என்று பிரிட்டன் முழுக்கப் பையன்கள் ஸ்கிஃபிள் குழு தொடங்கினார்கள். லிவர்பூலில் ஜான் லெனன் தொடங்கியதும் அப்படி ஒன்றுதான். ஆர்க்கன்ஸா கைதிகளுக்கு இதில் எந்தப் பங்கும் போய்ச் சேரவில்லை. பெரியப்பாவின் கணக்குப்படி பார்த்தால் படகும் வலையும் ஆளும் அவர்களுடையது.

மீனவர்களின் அம்பாப் பாட்டும் இதே வகைதான். துடுப்புப் போடவும் வலை இழுக்கவும் பாடிய பாட்டு. இஞ்சின் வந்ததும் வேலை போனது, பாட்டும் தேய்ந்தது. அதன் மெட்டும் 'ஏலேலோ'வும் சினிமாவில் எத்தனை முறை வந்திருக்கும், எந்தக் குப்பத்துக்கு அதற்கு ஒரு பைசா வந்தது? திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் அப்படி முடித்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் மிஞ்சாது. பாட்டு கைமாறத்தான் செய்யும். லெட் பெல்லியும் கைதிகளிடமிருந்து எடுத்தவர்தான். எடுத்தவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

பார்பர் செய்தது இது. 1935-லிருந்து ஐம்பதுகளின் நடுப்பகுதி வரை இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களின் தகராறால் அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க முடியாத நிலை இருந்தது. தட்டில் கேட்டவர்களை நேரில் பார்க்க முடியாது. தடை தளர்ந்ததும் பார்பர் தன் குழு சம்பாதித்த பணத்தையும் பெயரையும் வைத்து அசல் ஆட்களை வரவழைக்கத் தொடங்கினார். கூட நின்றவர் ஹெரால்ட் பெண்டில்டன், பின்னால் மார்கீ கிளப்பை நடத்தியவர். 1957 இறுதியில் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப். 1958-ல் சானி டெர்ரியும் பிரௌனி மெக்கீயும். அதே ஆண்டு அக்டோபரில் மடி வாட்டர்ஸ், கூடப் பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பான். மடி வாட்டர்ஸ் அமெரிக்காவிலேயே பெரும்பாலும் கறுப்பர் கூட்டத்துக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தவர். பார்பர் அவர்களைத் தன் கச்சேரியில், தன் ரசிகர்கள் முன்னால், தன் குழு பின்னால் நின்று வாசிக்க, பாடவைத்தார்.

மடி வாட்டர்ஸ் வந்தபோது ஆங்கிலேய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. ப்ளூஸ் என்றால் வயற்காட்டு ஏழைக் கிழவர் ஒரு மரக் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுவார் என்று எதிர்பார்த்தார்கள். வந்தவரோ நல்ல சூட்டு போட்டுக்கொண்டு மின்சாரக் கிட்டாரைக் காது கிழிய வைத்தார். சிக்காகோவில் அவர் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். நாட்டுப்புறக் கலைஞர் வேட்டி, தலைப்பாகையோடுதான் மேடை ஏற வேண்டும், கீபோர்டைத் தொட்டால் கெட்டுப்போனார் என்று நினைக்கும் நம் ஆர்வலர்களை இதில் அப்படியே பார்க்கலாம். பார்பருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கா போனபோது சிக்காகோவில் மடி வாட்டர்ஸ் வாசிக்கும் கிளப்புக்கே போனார்கள். பார்பர் குழுவின் பாடகி, வட அயர்லாந்திலிருந்து வந்த ஆட்டிலி பாட்டர்சன், அந்த மேடையில் மடியின் குழுவோடு பாடினார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1955 ஜனவரியில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பாட வந்த அந்தக் குரல்தான், என் காதுக்கு, பார்பர் குழுவின் உண்மையான செல்வம்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. இறால் பிடிக்கும் நல்ல இடங்கள் குறைவு, வலை போட ஆட்கள் அதிகம். அதனால் குலுக்கல் போட்டு, முறை வைத்து, இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு என்று மாற்றிக்கொள்வார்கள். யாரும் நிரந்தரமாக நல்ல இடத்தில் உட்கார முடியாது. தமிழில் பாடு என்றால் முறை, உழைப்பு, கஷ்டம், கடற்கரையில் அன்றைக்குக் கிடைத்த மீன், கூடவே பாடச் சொல்லும் ஏவல். நியூ ஆர்லீன்ஸ் முன்வரிசை வேலை செய்வது இதே முறையில்தான் என்று எனக்குத் தோன்றும். மூன்று பேருக்கும் ஒரே தண்ணீர். ஆனால் பாடு முறையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதன் குலுக்கலில் சீட்டு பட்டினவர்களுக்குத்தான். மற்ற சாதி மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அதில் இடம் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் அழகான சமத்துவம், வெளியே இருப்பவர்களுக்குக் கதவு. முன்வரிசைக்குள் பங்கு சரியாக இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். மீதி, யார் வரிசைக்கே வர முடியவில்லை என்பது. டிராட் ஜாஸ் குழுக்களில் பலவும் அந்த மீதியைக் கேட்கவில்லை. கோட்டும் தொப்பியுமாக விழாக்களில் வாசித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் பணம் பார்த்து, பீட்டில்ஸ் வந்ததும் ஓய்ந்தார்கள். பார்பர் கேட்டார். தன் பாட்டில் ஒரு பங்கை எடுத்துச் சீட்டு இல்லாதவருக்குக் கொடுத்தார்.

முழுசாகக் கொடுத்தாரா என்றால் இல்லை. விளம்பரத்தட்டியில் பெயர் அவருடையது. அழைத்தவர் என்பதால் அழைக்கிற அதிகாரமும் அவர் கையில்தான் இருந்தது. விருந்தினர் ஊருக்குத் திரும்பிவிடுவார், வீட்டுக்காரர் இருப்பார். இந்த வரம்பை மறைத்துவிட்டு அவரைப் புனிதராக்க எனக்கு விருப்பம் இல்லை.

நம் பக்கத்தில் இதற்கு நிகரான இடம் எது என்று யோசித்தால் கே.ஏ. குணசேகரன் நினைவுக்கு வருகிறார். 2016 ஜனவரியில் இறந்தார். மாரந்தையில் பிறந்து, 'தன்னானே' கலைக்குழுவை நடத்தி, பேராசிரியராகவும் நாடகக்காரராகவும் இருந்து, 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். இன்குலாபின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல் அவருடையது. அவர் பார்பருக்கு நேர் எதிர். வெளியாள் வந்து மேடை தரக் காத்திருக்கவில்லை. ஊர் தன் சாதி மேல் சுமத்திய இழிவையே கருவியாக எடுத்துக்கொண்டு, தானே மாஸ்டராக நின்றார். 2018-ல் சென்னையில் மேடையேறத் தொடங்கிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அந்த வழியில் வந்தது. கானாவும் பறையும் ராக்கும் ஒரே மேடையில், யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லாமல்.

பார்பர் இருந்த பக்கம், அதாவது சபா வைத்திருப்பவர்களின் பக்கம், அது நம் ஊரில் இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. டி.எம். கிருஷ்ணா ஜோகப்பாக்களோடு சேர்ந்து மேடையேறினார். ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-லிருந்து விழா எடுத்தார்கள். அதைக் கேலி செய்தவர்கள், குப்பத்துக்குக் கச்சேரி எதற்கு என்றார்கள். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு இல்லை, ஆனால் ஒரு சந்தேகம் உண்டு. சங்கீதத்தைக் குப்பத்துக்குக் கொண்டுபோவது ஒரு திசை. குப்பத்துப் பாட்டுக்காரர் டிசம்பரில், மாலை ஆறரை மணிக் கச்சேரியில், நடுவில் உட்கார்ந்து பாட, சபா வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சுருதிக்கு வயலினைத் திருப்பி வாசிப்பது இன்னொரு திசை. 1957-ல் நடந்தது இரண்டாவது. ஒரு புகழ்பெற்ற குழு, தன் சொந்த டிக்கெட்டுக்கு வந்த கூட்டத்தின் முன்னால், வாத்தியத்தை இறக்கிக்கொண்டு பக்கவாத்தியம் ஆனது.

அதற்காகத் தன் ரசிகர்களோடு மோதவும் செய்தார். 1964-ல் ஜான் ஸ்லாட்டர் என்ற இளைஞரை மின்சாரக் கிட்டாரோடு குழுவில் சேர்த்தார். பழைய டிராட் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அலெக்சிஸ் கோர்னரையும் சிரில் டேவிஸையும் தன் கச்சேரியின் நடுவில் ப்ளூஸ் வாசிக்க விட்டார். அவர்கள் தனிக்குழுவாகப் பிரிந்தார்கள், அவர்கள் நிழலில் 1962 ஜூலையில் மார்கீ கிளப்பில் ரோலிங் ஸ்டோன்ஸ் முதல்முறை மேடையேறினார்கள். பிறகு எழுபது, எண்பதுகளில் பார்பர் பதிவு செய்த பலவும் எனக்கு அலுப்பு. அதே பாட்டுகள், அதே இடங்களில் கைதட்டு. 2001-ல் குழுவைப் பெரிதாக்கி டியூக் எலிங்டன் பக்கம் போனபோது மறுபடி கொஞ்சம் மூச்சு வந்தது. 2019 வரை வாசித்துவிட்டு ஓய்வு பெற்றார்.

தார்ப் மழை ஈரத்தில், மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் வெள்ளை மேல்கோட்டோடு கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடும் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது 1964. அதற்கு ஏழு வருஷம் முந்தைய பார்பர் குழுவோடான மேடைப் பதிவுகள் பிறகு கிடைத்து வெளிவந்திருக்கின்றன. படம் இல்லை, ஒலி மட்டும்தான், அதுவும் சுமாரான ஒலி. நல்ல ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை தார்ப்பின் குரலையும் கிட்டாரையும் தவிர எதுவும் காதில் ஏறாது. இரண்டாவது தடவை, அவர் வரி முடித்து மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் கவனம் வையுங்கள். கீழேயிருந்து ட்ரோம்போன் வழுக்கிக்கொண்டு வரும், அவர் அடுத்த வரி எடுத்ததும் ஒதுங்கிக்கொள்ளும்.